ஒரே ஐடியில் இரண்டு போன், ஒரே போனில் இரண்டு ஐடி: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தைப்பூசக் காவடி அன்று மொரிஷியஸில் அரசு விடுமுறை. விரதம் இருந்து காவடி எடுத்தவர்கள், கூட நடந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாருக்கும் கோவிலில் வாழை இலை போட்டு ஏழு கறியோடு சாப்பாடு. கிரியோலில் செட் காரி என்பார்கள். வருடா வருடம் பந்தியில் கூட்டம் தாங்காமல் போகவே எங்கள் கோவில் பொருளாளர் ஒருநாள் என்னைப் பிடித்து, "தம்பி, நீ போன் ஆப் எழுதுற ஆளுதானே, பந்திக்கு டோக்கன் குடுக்க ஒண்ணு செஞ்சு குடுப்பா. ஒரு போனுக்கு ஒரு டோக்கன், அவ்வளவுதான்" என்றார். பகலில் எபேனில் சம்பளத்துக்கு எழுதுகிறவன், ராத்திரியில் ரோஸ் ஹில் வீட்டில் உட்கார்ந்து கோவிலுக்கு எழுதினேன். வினையெல்லாம் அந்த நாலு சொல்லுக்குள்தான் இருந்தது.

ஒரு போனை மற்ற போன்களிலிருந்து பிரித்தறிய ஆப் வைத்துக்கொள்ளும் சாதன ஐடி விஷயத்தில் வரக்கூடிய கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த ஆப்பிலேயே பார்த்துவிட்டேன், மீதியை ஆபீஸில். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே சொல்வது எதுவும் உதவாது. ஐடியை சர்வருக்கு அனுப்பும்போது அது எங்கிருந்து வந்தது (புதிதாக உருவாக்கியதா, சேமிப்பிலிருந்து படித்ததா, ஆண்ட்ராய்டே தரும் ஆண்ட்ராய்டு ஐடியா), எப்போது உருவானது, போன் மாடல், ஓஎஸ் பதிப்பு, ஆப் பதிப்பு இவ்வளவையும் கூடவே அனுப்புங்கள். ஆப்பின் 'எங்களைப் பற்றி' பக்கத்தின் அடியில் ஐடியின் கடைசி நாலு எழுத்தைச் சின்னதாகக் காட்டுங்கள். போனில் கூப்பிட்டு "டோக்கன் வரலையே" என்கிற அத்தையிடம் "அத்தை, கடைசி நாலு எழுத்தைப் படிங்க" என்று கேட்பதைவிட வேகமான பிழைதேடல் கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

அறிகுறி: சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு ஒரே ஐடி

இதுதான் முதல் வருடம் எங்களைக் கவிழ்த்தது. கோவில் வாசலில் ஒரு அம்மா டோக்கன் வாங்கி உள்ளே போனார், பின்னால் வந்த அவருடைய நாத்தனார் ஆப்பைத் திறந்தால் 'இந்தப் போனுக்கு டோக்கன் கொடுத்தாயிற்று' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. இரண்டு பேர் கையிலும் ஒரே மாடல் சாம்சங், ஒரே கடையில் தள்ளுபடியில் ஒன்றாக வாங்கியது. எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. இலை போடுகிற பையன்களிடம் "இவங்களை உள்ளே விடுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ராத்திரி சர்வரில் பார்த்தால் ஒரே ஐடியின் கீழ் முப்பதுக்கும் மேற்பட்ட வேறு வேறு தொலைபேசி எண்கள், எல்லாம் ஆண்ட்ராய்டு 13. அந்த ஐடியைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. அதன் நடுவில் 220624 என்று ஒரு தேதி இருந்தது. போனின் அடையாளத்தில் தேதி எதற்கு?

ஆப்பை ஃபிளட்டரில் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் எழுத உதவும் கருவி) எழுதியிருந்தேன். போனின் விவரங்களைப் படித்துத் தரும் டிவைஸ் இன்ஃபோ பிளஸ் என்ற பிளகினின் (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் துணைக் கோடு) பழைய பதிப்புகளில் ஆண்ட்ராய்டு ஐடி என்று ஒரு புலம் இருந்தது, பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். பதிப்பை ஏற்றியபோது கம்பைலர் கத்தியது, நானும் யோசிக்காமல் பக்கத்தில் இருந்த வெறும் 'ஐடி' என்ற புலத்தைப் போட்டுவிட்டேன். பெயர்தான் ஐடி, உள்ளே இருப்பது பில்ட் ஐடி, அதாவது போனில் ஓடும் மென்பொருள் எந்தத் தொகுப்பு என்று சொல்லும் குறி. ஒரே தொகுப்பு ஓடுகிற எல்லாப் போனுக்கும் அது ஒன்றேதான். என் மேஜையில் சோதனைக்கு இருந்த மூன்று போனும் மூன்று மாடல் என்பதால் சோதனையில் எல்லாம் தனித்தனியாகத்தான் வந்தது. இதே பிளகினை இதே மாதிரி மாற்றிய ஆட்களை அதற்கப்புறம் ஆபீஸிலேயே இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன், அதனால் உங்கள் கோடில் இப்போதே ஒரு தேடல் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஐடி பல பேருக்கு வந்தால் சர்வரில் அந்த ஐடிக்கு எத்தனை மாடல், எத்தனை ஓஎஸ் பதிப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஓஎஸ் பதிப்பு ஒன்றாகவே இருந்தால் பில்ட் ஐடி மாதிரியான தொகுப்புக் குறியைப் பிடித்திருக்கிறீர்கள். எல்லா மாடலும் கலந்து கிடந்தால் மாறாத வெற்று மதிப்பு ஒன்று வந்துகொண்டிருக்கிறது. விளம்பர ஐடி (விளம்பரங்களுக்காக ஓஎஸ் தரும் ஐடி) என்றால் 00000000-0000-0000-0000-000000000000 என்று பூஜ்ஜியமாக வரும். ஐபோனில் 14.5இலிருந்து பயனர் தடமறிய அனுமதி தராவிட்டால் இதுதான் கிடைக்கும், ஆண்ட்ராய்டில் பயனர் விளம்பர ஐடியை அழித்துவிட்டாலும் இதுதான். வைஃபை மேக் முகவரி (வைஃபை சில்லின் எண்) என்றால் 02:00:00:00:00:00 வரும், ஐஓஎஸ் 7, ஆண்ட்ராய்டு 6 காலத்திலிருந்தே அப்படித்தான். இந்த மதிப்புகளை சர்வரிலேயே தடுத்துவிடுங்கள். பழைய ஆண்ட்ராய்டு 2.2 நாட்களில் ஒரு பெரிய தயாரிப்பாளரின் போன்கள் எல்லாம் 9774 என்று தொடங்கும் ஒரே ஆண்ட்ராய்டு ஐடியோடு வெளிவந்த கதையும் உண்டு. அந்தப் போன்கள் இப்போது யாரிடமும் இருக்காது, ஆனால் பழைய நூலகங்களில் அந்த மதிப்பைத் தடுக்கும் வரி இன்னும் கிடக்கும், பார்த்தால் பயப்பட வேண்டாம்.

ஒரு ஐடிக்குச் சரியாக இரண்டே போன், ஒன்று பழைய மாடல், மற்றது புதியது, பழையது நின்ற தேதிக்குப் பக்கத்தில் புதியது தொடங்குகிறது என்றால் அது பேக்கப் செய்த வேலை. நீங்கள் யூயூஐடி (தற்செயலாக உருவாக்கும் நீண்ட எண்) ஒழுங்காகத்தான் உருவாக்கியிருப்பீர்கள். யூயூஐடி நாலாம் வகையில் 122 பிட் தற்செயல், மோதவே மோதாது, அதன் மேல் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதை ஷேர்டு பிரெஃபரன்சஸில் (ஆண்ட்ராய்டு ஆப் தன் சின்னச் சின்ன விருப்பங்களைச் சேமிக்கும் கோப்பு) வைத்தீர்கள் அல்லவா, ஆண்ட்ராய்டு 6இலிருந்து ஆட்டோ பேக்கப் அந்தக் கோப்பைப் பயனரின் கூகுள் கணக்கில் ஏற்றி, புதுப் போனில் அப்படியே இறக்கி வைத்துவிடுகிறது. பழைய போன் தம்பிக்குப் போகிறது, அதிலும் ஆப் அழிக்கப்படாமல் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் இப்போது ஒரே ஆள். ஐபோனில் அதற்கு இணையான யூசர் டிஃபால்ட்ஸும் ஐகிளவுட் வழியாக இதே மாதிரி இடம் மாறும்.

சரிசெய்வது எளிது. ஆண்ட்ராய்டில் பேக்கப்புக்குப் போகாத கோப்பகம் ஒன்று தனியாகவே உண்டு, கெட் நோ பேக்கப் ஃபைல்ஸ் டிர் என்ற அழைப்பு அதைத் தரும், அங்கே ஒரு சின்னக் கோப்பில் ஐடியை எழுதுங்கள். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) அலவ் பேக்கப்பை மொத்தமாக அணைத்துவிடலாமே என்று தோன்றும். பயனரின் மற்ற விருப்பங்களும் அதோடு போய்விடும் என்பது ஒன்று, ஆண்ட்ராய்டு 12ஐ இலக்காக வைத்த ஆப்களில் சில தயாரிப்பாளர்களின் போன்களில் போனிலிருந்து போனுக்கு நேரடியாக மாற்றும்போது அந்த அணைப்பு செல்லுபடியாகாது என்பது இன்னொன்று. ஏற்கெனவே ஷேர்டு பிரெஃபரன்சஸில் பரவிவிட்ட ஐடிகளுக்கு ஒரு தந்திரம் செய்தேன்: யூயூஐடி பக்கத்திலேயே அப்போதைய ஆண்ட்ராய்டு ஐடியின் ஹாஷையும் (அதிலிருந்து கணக்கிட்ட, திருப்ப முடியாத சுருக்கம்) சேர்த்து எழுதிவைத்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒப்பிட்டுப் பார்ப்பது. பொருந்தவில்லை என்றால் இது வேறு போன், புது யூயூஐடி போட்டுக்கொள். ஐபோனில் கீசெயினில் (ரகசியங்களைப் பூட்டி வைக்கும் இடம்) 'திஸ் டிவைஸ் ஒன்லி' என்று முடியும் வகையில் வைத்தால் அது வேறு போனுக்கு நகராது.

அறிகுறி: ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டால் புது ஐடி

முதலில் இது கோளாறுதானா என்று முடிவு செய்யுங்கள். நிறுவலை அடையாளம் காண்பதற்காக வைத்த ஐடி, நிறுவல் போனால் போகத்தான் வேண்டும், பெரும்பாலான ஆப்களுக்கு அதுவே போதும், பயனருக்கும் அதுதான் நியாயம். எனக்கு அப்படி இல்லை, அழித்து ஏற்றி இரண்டாவது டோக்கன் எடுக்கும் வித்தையை எங்கள் தெருப் பையன்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆண்ட்ராய்டில் இதற்கு ஆண்ட்ராய்டு ஐடி போதும். 64 பிட் எண், 8.0இலிருந்து ஆப்பின் கையொப்பச் சாவி (ஆப்பை உருவாக்கியவர் யார் என்று காட்ட அதில் கையொப்பமிடும் சாவி), பயனர், போன் மூன்றும் சேர்ந்து ஒரு மதிப்பு. அழித்துப் போட்டாலும் மாறாது, ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறும். "நான் சோதித்தபோது ஒன்று வந்தது, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் வேறு வருகிறது" என்று புலம்புகிறவர்கள் அந்தக் கையொப்பச் சாவியை மறந்தவர்கள்: உங்கள் கணினியிலிருந்து நேரடியாக ஏற்றியது சோதனைக்கான டீபக் சாவியில் கையொப்பமிட்டது, ஸ்டோரில் உள்ளது வேறு சாவியில். அது கோளாறே இல்லை, விட்டுவிடுங்கள்.

ஐபோனில் ஐடென்டிஃபையர் ஃபார் வெண்டர் என்று ஒன்று ஐஓஎஸ் 6இலிருந்து இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் ஆப் ஒன்றாவது போனில் இருக்கும்வரை அது மாறாது, கடைசி ஆப்பையும் அழித்துத் திரும்ப ஏற்றினால் மாறிவிடும். ஒரே ஒரு ஆப் வைத்திருக்கும் கோவிலுக்கு இதனால் பிரயோஜனம் இல்லை. அதனால் சொந்தமாக ஒரு யூயூஐடி உருவாக்கிக் கீசெயினில் வைத்தேன். ஆப் போனாலும் கீசெயினில் வைத்தது தங்கும். அங்கேதான் அடுத்த வம்பு ஆரம்பித்தது.

அறிகுறி: ஐபோன்களில் ஒரே ஒரு முறை வந்துவிட்டுக் காணாமல் போகும் ஐடிகள்

2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வந்து போர்ட் லூயியில் தெருவெல்லாம் வெள்ளம். காவடி 25ஆம் தேதி. நிகழ்ச்சி நடக்குமா, பந்தி நேரம் மாறுமா என்று கோவிலிலிருந்து அறிவிப்பு மேல் அறிவிப்பு, நானும் ராத்திரியில் சத்தமில்லாத புஷ் (பயனருக்குக் காட்டாத அறிவிப்பு) அனுப்பி ஆப்பைப் பின்னணியில் எழுப்பி நேர அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் சாதனப் பட்டியலில் ஏகப்பட்ட புது ஐபோன்கள். எல்லாம் நள்ளிரவு தாண்டிப் பிறந்தவை, ஒரே ஒரு முறை சர்வரோடு பேசியவை, அதன்பின் பேச்சே இல்லை. பகலில் அதே ஆட்கள் பழைய ஐடியோடு வழக்கம்போல வந்துபோகிறார்கள். பேய் பிடித்த மாதிரி இருந்தது.

பின்னணியில் எழும்போது ஆப்பின் பதிவேட்டில் ஓஎஸ் தரும் பிழை எண்ணை அச்சிட வைத்த பிறகுதான் பேய் யாரென்று தெரிந்தது: -25308. பூட்டிய நிலையில் அந்தக் கீசெயின் பொருளைத் தொட முடியாது என்பது அதன் பொருள். நான் வைத்திருந்தது 'வென் அன்லாக்ட்' என்ற வகை, போன் திறந்திருக்கும்போது மட்டுமே படிக்க முடியும். ராத்திரி எல்லாருடைய போனும் பூட்டித் தலைமாட்டில் கிடக்கிறது. என் கோடோ, கீசெயின் எந்தப் பிழை சொன்னாலும் 'ஐடி இல்லை போலிருக்கிறது' என்று தானே முடிவு கட்டி, புதிது உருவாக்கி, சர்வரில் பதிந்து, அப்புறம் கீசெயினில் எழுதப் பார்க்கிறது. எழுதுவதும் அதே -25308இல் தோற்கிறது, அதை நான் கவனிக்கவேயில்லை. காலையில் போனைத் திறந்தால் பழைய ஐடி பத்திரமாக அங்கேயே இருக்கிறது.

மூன்று திருத்தம் செய்தேன். முதலாவது, -25300 வந்தால் மட்டுமே, அதாவது அப்படி ஒரு பொருளே இல்லை என்று கீசெயின் தெளிவாகச் சொன்னால் மட்டுமே, புதிது உருவாக்குவது; வேறு எந்த எண் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த முறை வரை காத்திருப்பது. இரண்டாவது, வகையை 'ஆஃப்டர் ஃபர்ஸ்ட் அன்லாக் திஸ் டிவைஸ் ஒன்லி' என்று மாற்றியது. மறுபடி இயக்கிய பின் ஒருமுறை திறந்துவிட்டால் அதற்கப்புறம் பூட்டியிருந்தாலும் படிக்கலாம். கோடில் வகையை மாற்றினால் புதிதாக எழுதுவதற்குத்தான் அது பொருந்தும், ஏற்கெனவே கீசெயினில் கிடப்பது பழைய வகையிலேயே கிடக்கும். அதைத் தனியாக அப்டேட் செய்ய வேண்டும், அதுவும் ஆப் கண்முன் திறந்திருக்கும்போது. இதைத் தவறவிட்டு ஒரு வாரம் தலையைச் சொறிந்தேன். மூன்றாவது, சேமித்து, சேமித்ததைத் திரும்பப் படித்துப் பார்த்து, அதன் பிறகே சர்வரில் பதிவது. கடைசியாகச் சொன்ன இந்த வரிசை ஒன்றை முதலிலேயே பிடித்திருந்தால் அந்தப் பேய் ஐடிகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்காது.

புயலில் மின்சாரம் போய் சார்ஜ் தீர்ந்து அணைந்த போன்கள் இன்னொரு வகை. உயிர் வந்து, இன்னும் ஒருமுறைகூடத் திறக்காத நிலையில் ஐடென்டிஃபையர் ஃபார் வெண்டரும் வெறுமையாகத் திரும்பி வரலாம், ஆப்பிளின் ஆவணமே அதைச் சொல்கிறது. அங்கேயும் விடை அதேதான்: காத்திருங்கள், புதிது போடாதீர்கள்.

அறிகுறி: புதுப் போனில் ஆப் திறந்த உடனே கிராஷ் ஆகி விழுகிறது

ஆண்ட்ராய்டில், மறையாக்கம் செய்து சேமிக்கும் என்கிரிப்டட் ஷேர்டு பிரெஃபரன்சஸில் ஐடியை வைத்தவர்களுக்கு வருவது. பேக்கப் பூட்டிய பெட்டியைப் புதுப் போனுக்குக் கொண்டுவந்துவிட்டது, சாவி பழைய போனின் கீஸ்டோரில் (மறையாக்கச் சாவிகளைப் பூட்டி வைக்கும் இடம்) இருக்கிறது, அது எங்கும் நகராது. திறக்கும்போது ஏஇஏடி பேட் டேக் என்று எக்செப்ஷன் (ஆப்பை நிறுத்தும் பிழை) வரும். அந்தக் கோப்பைப் பேக்கப்பிலிருந்து விலக்குங்கள், எக்செப்ஷனைப் பிடித்துக் கோப்பை அழித்து முதலிலிருந்து தொடங்குங்கள். சாதன ஐடி ஒன்றும் ரகசியக் கடவுச்சொல் இல்லை, அதற்கு மறையாக்கமே அதிகம் என்பது என் எண்ணம். அந்த நூலகத்தையும் இப்போது வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டார்கள், புதிதாக யாரும் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஐஎம்இஐ கேட்டால் செக்யூரிட்டி எக்செப்ஷன்

ஆண்ட்ராய்டு 10இலிருந்து சாதாரண ஆப்புக்கு ஐஎம்இஐயும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்) சீரியல் எண்ணும் கிடையாது. அனுமதி கேட்டாலும் கிடைக்காது. வழி தேடாதீர்கள்.

அறிகுறி: முதல் முறை திறந்ததும் ஒரே நொடியில் இரண்டு ஐடி

திறந்தவுடன் டோக்கன் திரை ஐடி கேட்கிறது, அதே சமயம் அறிவிப்புக்கான புஷ் பதிவும் ஐடி கேட்கிறது. இரண்டும் சேமிப்பில் பார்க்கின்றன, இரண்டுக்கும் வெறுமை, இரண்டும் ஆளுக்கொன்று உருவாக்குகின்றன, கடைசியில் எழுதியது நிற்கிறது, சர்வரில் இரண்டும் இருக்கின்றன. ஐடி தரும் வேலையை ஒரே ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுத்து அதற்கு ஒரு பூட்டு (லாக்) போடுங்கள், முதல் அழைப்பு முடியும்வரை மற்றவை காத்திருக்கட்டும். ஆண்ட்ராய்டில் சர்வீஸை (ஆப்பின் பின்னணி வேலை) தனிப் பிராசஸில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த லாக் உதவாது, ஷேர்டு பிரெஃபரன்சஸ் பல பிராசஸ்களுக்காகச் செய்ததே இல்லை. உருவாக்கும் உரிமையை மெயின் பிராசஸுக்கு மட்டும் கொடுங்கள். ஐபோனில் ஆப்பும் நோட்டிஃபிகேஷன் எக்ஸ்டென்ஷனும் (அறிவிப்பைக் கையாளும் தனித் துண்டு) ஒரே கீசெயின் குழுவைப் பகிர்ந்தால், இரண்டாவதாக எழுதப் போனவருக்கு -25299, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று வரும். நல்ல சகுனம் அது. மேலெழுதாமல், அங்கே இருப்பதைப் படித்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே ஐடி, சர்வருக்கு இரண்டு

ஸ்விஃப்ட் யூயூஐடியைப் பெரிய எழுத்தில் தரும், ஜாவா சின்ன எழுத்தில். ஒரு இடத்தில் உரையாகவும் இன்னொரு இடத்தில் யூயூஐடி வகையாகவும் டேட்டாபேஸில் வைத்திருந்தால் ஒப்பீடு பொய்த்துவிடும். வாசலிலேயே எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிடுங்கள், தீர்ந்தது.

புஷ் டோக்கனையே (பந்தி டோக்கன் இல்லை, போனுக்கு அறிவிப்பு அனுப்பப் பயன்படுவது) சாதன ஐடியாகப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முகவரி, மாறிக்கொண்டே இருக்கும். அறிவிப்பு அனுப்பும் கூகுள் சேவையான ஃபயர்பேஸ் ஆண்ட்ராய்டில் 270 நாள் தொடர்பில்லாத டோக்கனைக் காலாவதியாக்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை காவடிக்கு மட்டும் திறக்கிற ஆப்புக்கு அதைவிடப் பொருந்தாத சாவி கிடையாது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் ஒரு போனுக்குப் பல டோக்கன்

ஷாவ்மி மாதிரி போன்களில் ஒரே ஆப்பை இரட்டையாக்கும் வசதி இருக்கிறது. அந்த இரட்டை தனிப் பயனராக ஓடுவதால் ஆண்ட்ராய்டு ஐடியும் வேறு. ஃபேக்டரி ரீசெட் செய்யத் துணிந்தவரையும் ஆண்ட்ராய்டு ஐடி தடுக்காது. ஐபோனில் டிவைஸ்செக் என்று ஐஓஎஸ் 11இலிருந்து இருப்பது, போன் ஒன்றுக்கு இரண்டே இரண்டு பிட்டை ஆப்பிளின் சர்வரில் உங்களுக்காக வைத்துக்கொள்கிறது, ரீசெட் செய்தாலும் அது அழியாது. 'வாங்கியாச்சு' என்று சொல்ல ஒரு பிட் போதுமே. அடுத்த வருடம் நீங்களே அதைத் திருப்பி வைக்க வேண்டும், போனை விற்றிருந்தால் வாங்கியவர் தலையில் அந்த பிட் விடியும். திரை அளவு, எழுத்துரு, பேட்டரி என்று எல்லாவற்றையும் கூட்டிக் கைரேகை மாதிரி ஒன்று செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஆப்பிள் அதை அனுமதிப்பதில்லை, மொரிஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் தனிப்பட்ட தகவலாகவே பார்க்கிறது.

இதையெல்லாம் அடைத்து முடித்த வருடம், கோவில் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பையன் என்னிடம் வந்தான். பாட்டிக்கு போன் கிடையாது, அம்மா போன் உடைந்துபோய்விட்டது, தங்கை சின்னவள், நாலு பேருக்கும் அவன் கையில் ஒரே போன். என் ஆப் அவனுக்கு ஒரு டோக்கன் கொடுத்துவிட்டு, ஒரு தவறும் இல்லாமல், மூன்று பேரைத் திருப்பி அனுப்பியது. பொருளாளர் பக்கத்தில்தான் நின்றார். "என்ன தம்பி, பாட்டிக்கு இலை இல்லேங்குதா உன் மிஷினு?" என்றார். "நீங்க சொன்னதுதானே ஐயா, ஒரு போனுக்கு ஒண்ணுன்னு" என்றேன். "நான் சொன்னா?" என்றார்.

இப்போது டோக்கன் தொலைபேசி எண்ணோடு சேர்ந்த குடும்பத்துக்கு. எத்தனை பேர் என்று கேட்டு அத்தனை இலை. எண்ணை ஓடிபி வைத்து உறுதி செய்கிறோம், போன் இல்லாதவர்களுக்கு வாசலில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கிறது. சாதன ஐடி இன்னும் இருக்கிறது, எந்த நிறுவலுக்கு அறிவிப்பு அனுப்புவது, எதில் கோளாறு என்று பார்ப்பதற்கு மட்டும். கடைசி நாலு எழுத்து இன்னமும் அந்தப் பக்கத்தின் அடியில்தான்.